ஒன்பதாம் நம்பர் படகு

ஜம்புலிங்கத்தின் படகில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. அது அவர் மனைவியின் பெயர் அல்ல, மகளின் பெயரும் அல்ல. அதை எழுதிய வாரம் முழுக்க அவருடைய தட்டில் குழம்பு மட்டும்தான் விழுந்தது. மீன் விழவில்லை.

“ஊர்ல எல்லாரும் கட்னவ பேரு வெப்பாங்க, இல்லாட்டி சாமி பேரு வெப்பாங்க. உங்க நைனா பக்கத்துத் தெரு பொண்ணு பேரை வெச்சிகினு வந்து நிக்கிறாரு” என்று அவர் மனைவி சொர்ணம் மகளிடம் முறையிட்டாள்.

மகள் தெய்வநாயகி ஒன்றும் தெரியாதவள் போலக் குனிந்து சாப்பிட்டாள். அந்தப் பெயரை வைக்கச் சொல்லி அப்பாவை நச்சரித்ததே அவள்தான்.

படகின் முன்பக்கத்தில், நீலப் பெயின்ட் மேல் மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது: ஷீலா – 9.

ஷீலா அவர்கள் குப்பத்துப் பெண். புதுப்பட்டினத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கும் சின்னக் குப்பம் அது. அங்கிருந்து மாநிலக் கால்பந்து அணிக்குப் போன முதல் ஆள் அவள். அவள் சட்டையில் இருந்த எண் ஒன்பது. அந்தச் சட்டையோடு அவள் நிற்கும் படம் வந்த அன்று குப்பத்தில் ஒரு போன் விடாமல் எல்லாம் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தன. அப்போது தெய்வாவுக்குப் பதினொரு வயது. அவளை எல்லோரும் தெய்வா என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி அணியின் கோல்கீப்பர். ஆனால் கால்பந்து என்றதும் அவளுக்குப் பள்ளி மைதானம் ஞாபகம் வருவதே இல்லை. அந்தப் பழைய சாயங்காலங்கள்தான் ஞாபகம் வரும்.

அப்போதெல்லாம் வெயில் இறங்கியதும் ஷீலா அக்கா கரைக்கு வந்துவிடுவாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றியிருக்க மாட்டாள். பையைப் படகுக்குள் வீசிவிட்டு, “வாங்கடா, வாங்கடி!” என்று ஒரு குரல் கொடுப்பாள். எங்கிருந்துதான் வருவார்களோ, குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து குவிந்துவிடுவார்கள்.

அலை வந்து போகும் இடத்தில் மணல் ஈரமாக, இறுகி இருக்கும். அதுதான் மைதானம். இரண்டு சவுக்குக் கழிகளை நட்டால் கோல். எல்லோருக்கும் முன்னால் ஓடி கோல் போட ஆசை. யாருக்கும் கோல் காக்க ஆசை இல்லை. அதனால் கூட்டத்திலேயே குட்டியாக இருந்த தெய்வாவைத் தூக்கி இரண்டு கழிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

ஷீலா அக்கா அடிக்கும் பந்து உள்ளங்கையில் பட்டால் சுள்ளென்று எரியும். வீட்டில் சோறு பிசையும்போது இன்னும் காந்தும். அந்த எரிச்சல்கூடத் தெய்வாவுக்குப் பிடித்திருந்தது.

ஷீலா அக்கா பச்சை ரப்பர் பேண்டு போட்டுத் தலைமுடியை உச்சியில் கட்டினால், மறுநாள் குப்பத்துப் பெண் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் பச்சை ரப்பர் பேண்டு இருக்கும். கிடைக்காதவர்கள் கீரைக்கட்டில் இருந்த வாழை நாரை எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். ஷீலா அக்காவுக்கு ஒருமுறை ஜலதோஷம் வந்தது. அதைக்கூட விடாமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு தடவை, கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் அணுபுரம் பிள்ளைகளோடு ஆடப் போனார்கள். அங்கே புல் மைதானம். மணலில் ஓடியே பழகிய கால்கள் அல்லவா! புல்லில் கால் புதையவே இல்லை. ஓடிய வேகத்தில் எப்படி நிற்பது என்று தெரியாமல் தெய்வா கோல் போஸ்டைப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இடம் இல்லை. ஷீலா அக்கா அவளைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஜெயித்தார்களா, தோற்றார்களா என்பது தெய்வாவுக்கு மறந்துவிட்டது. அந்த மடி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஷீலா அக்கா வெளியூர் விளையாட்டு விடுதிக்குப் போய்விட்டாள். கரையில் பையன்கள் கிரிக்கெட் ஆட ஆரம்பித்தார்கள். சவுக்குக் கழிகளை யாரோ துணி காயப்போட எடுத்துக்கொண்டு போனார்கள். கடலும் மணலும் அப்படியேதான் இருந்தன. ஆனால் சாயங்காலம் ஆனால் தெய்வாவுக்கு என்னவோ ஒன்று குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அவள் அப்பாவைப் பிடித்து உலுக்கி, படகுக்கு அந்தப் பெயரை வைக்கச் செய்தாள்.

அந்தப் பெயருக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்த அன்று, தெய்வாவின் அண்ணன் அரசு தன் போனை ஒரு மீன் பெட்டி மேல் சாய்த்து வைத்தான். அதைச் சுற்றி குப்பமே உட்கார்ந்திருந்தது. ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசியாக அடிக்க வந்தவள் ஷீலா. பந்து உள்ளே போனால் ஆட்டம் தொடரும். போகாவிட்டால் கோப்பை அந்தப் பக்கத்துக்கு.

ஷீலா ஓடி வந்தாள். அடித்தாள். பந்து கோலுக்கு மேலே, மேலே, மேலே போய், அரசுவின் போன் திரையைத் தாண்டியே போய்விட்டது.

அரசு போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஜம்புலிங்கத்தின் வலையில் மீனுக்குப் பதிலாகச் சொறிதான் ஏறியது. சொறி என்றால் தொட்டால் அரிக்கும் ஜெல்லி மீன். அதை வலையிலிருந்து உதறுவதற்குள் துரையின் இரண்டு கையும் சிவந்து வீங்கிவிட்டன. துரை சொர்ணத்தின் தம்பி. படகில் பாதிப் பங்கு அவருடையது.

“மாமா, பேரு சரியில்ல” என்றார் துரை, கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே. “அந்தப் பொண்ணு பந்தை வானத்துக்கு வுட்டுச்சு. நம்ம மீனும் எங்கியோ பூட்ச்சு.”

“பந்துக்கும் மீனுக்கும் இன்னா மச்சான் சம்மந்தம்?” என்றார் ஜம்புலிங்கம்.

“பேருக்கும் படகுக்கும் சம்மந்தம் கீதுல்ல?”

ஜம்புலிங்கம் எண்ணெய்க்காகக் கையை நீட்டினார். சொறி அவரையும் அரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கங்கையம்மன் திருவிழாவுக்கு முன்னால் எல்லாப் படகுகளுக்கும் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். படகின் பெயரை மாற்றுவதாக இருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். எழுதியாகிவிட்டால் அடுத்த திருவிழா வரை யாரும் அதைத் தொடக்கூடாது. பெயின்ட் அடிப்பது பெரியவர்கள் வேலை. உப்புத்தாள் போட்டுப் பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

அரசுவுக்குத் தேய்க்கிற வேலை வரும்போதெல்லாம் கல்லூரியில் பரீட்சையும் வந்துவிடும். அதனால் உப்புத்தாள் தெய்வாவின் கைக்கு வந்தது.

“எல்லாத்தையும் தேய்ச்சுடு. பேரையும் சேர்த்து” என்றார் ஜம்புலிங்கம், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

“நைனா, நீ வலை போட்டு மீன் வராத நாள்லாம் உன் பேரை ரேஷன் கார்டுல அழிச்சோமா?”

ஜம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மென்று முழுங்கிக்கொண்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனுக்கு மட்டும் ஆசையாம்மா? ஆனா துரை பாதிப் பங்குக்காரன். மனசு ஒப்பாம அவன் படகுல ஏறக்கூடாது. கடலுக்குள்ள போனா ரெண்டு பேருக்கும் ஒரே மனசு வேணும். அவன் ஒத்துக்காம நான் இன்னா பண்ணட்டும்?”

தெய்வாவுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் அவள் படகின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பெயரைத் தொட மனம் வரவில்லை. அதனால் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதின் வால் போயிற்று. பிறகு தலையும் போயிற்று. மஞ்சள் தூள் அவள் முழங்கையெல்லாம் ஒட்டியது. கண்ணைத் துடைத்ததில் முகத்திலும் ஒட்டிக்கொண்டது.

“இன்னா தெய்வா, மூஞ்செல்லாம் மஞ்சா பூசிகினு கீறே?”

அந்தக் குரலைக் கேட்டதும் தெய்வாவின் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள். ஷீலா அக்கா நின்றிருந்தாள்!

முந்தின நாள்தான் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். யாருக்கும் தெரியவில்லை. “எனக்கு உடம்பு சரியில்ல” என்று அவள் அம்மா செல்லம்மா கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். ஷீலா அக்கா இளைத்திருந்தாள். துப்பட்டாவைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள். வெறுங்காலோடு நின்றாள். அவள் பார்வை தெய்வாவிடமிருந்து படகுக்குப் போயிற்று. ஒன்பது இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

தெய்வாவுக்கு மணலில் குழி தோண்டி உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“அ... அது... பெருசா எழுதப் போறோம்க்கா. அதுக்குத்தான்...” என்றாள்.

ஷீலா சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

“உனக்குப் பொய் சொல்லவே வராது. சின்ன வயசுல பந்து கோலுக்குள்ள போனாக்கூட நீயே கையைத் தூக்கி, கோல்னு சொல்லுவே” என்றவள், தெய்வாவின் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, தன் பெயரின் கடைசி எழுத்தைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள்.

“அக்கா! வேணாம்க்கா!”

“தேய்க்கட்டும் வுடு. சரியாத்தான் செய்றாங்க. நானும் கோச்சுக்கு மெசேஜ் போடப் போறேன், இனிமே கேம்புக்கு வரலன்னு. புதுப்பட்டினத்துல செல்போன் கடையில வேலை கீதாம். போய்ச் சேர்ந்துடலாம்னு கீறேன்.”

தெய்வா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பந்து இன்னும் கீழ எறங்கவே இல்ல தெய்வா. கண்ணை மூடுனா மேல போய்கினே கீது. எல்லாரும் கேக்குறாங்க, எப்டி வுட்டே, எப்டி வுட்டேன்னு. எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா?”

இவ்வளவு பெரிய அக்காவுக்கு என்ன சொல்வது? “பரவாயில்லை” என்று சொல்லலாம். அதை எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். சொல்லி ஒன்றும் ஆகவில்லை. அவள் கடலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது.

“அக்கா, அந்தப் பந்தை யாரு போய் எடுத்துகினு வந்தா?”

“இன்னாடி கேள்வி இது? யாரோ வெளியில நின்ன பசங்க எடுத்திருப்பாங்க.”

“நீ எடுக்கலியா?”

“நான் ஏன் எடுக்கணும்?”

“நம்ம ஊரு ரூலை நீயே மறந்துட்டியா?”

ஷீலா நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கரையில் ஒரு கோல் எப்போதும் கடலுக்கு முன்னால்தான் இருக்கும். கோலைத் தாண்டிப் போகும் பந்து நேராகத் தண்ணீரில் போய் விழும். அதற்குப் பயந்து பிள்ளைகள் பந்தை வலிக்காமல் தட்டிக்கொண்டு இருந்தார்கள். அதைப் பார்த்து எரிச்சலான ஷீலாதான் ஒருநாள் ஒரு விதி போட்டாள். கடலுக்கு அடித்தவர்கள் தாங்களே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். எடுத்து வந்தால், அதே உதையை இன்னொரு தரம் அடிக்கலாம். அன்றிலிருந்து ஒருவரும் பயப்படவில்லை. எல்லோரும் நனைந்தார்கள்.

“நீ பந்தையும் எடுக்கல, திருப்பி அடிக்கவும் இல்ல. உன் கிக் இன்னும் மிச்சம் கீதுக்கா” என்றாள் தெய்வா.

“ஸ்டேடியத்துல ஏதுடி கடல்?”

“இங்க கீதுல்ல?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் வீட்டுக்கு ஓடினாள். தோல் உரிந்த பழைய பந்தையும், துணி காயப்போட்டிருந்த இரண்டு சவுக்குக் கழிகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஈரச் சேலை ஒன்றும் கழியோடு கூடவே வந்தது. சொர்ணம் பின்னாலிருந்து கத்தியது அவள் காதில் விழவில்லை.

கழிகளை நட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். “அடி” என்றாள்.

ஷீலா துப்பட்டாவைக் கழற்றிப் படகின் மேல் போட்டாள். பந்தை வைத்தாள். மனசே இல்லாமல் ஒரு தட்டுத் தட்டினாள். பந்து உருண்டு வந்தது. தெய்வா ஒரு கையால் பொறுக்கி எடுத்தாள்.

“இது கிக்கா? செல்லம்மா அத்தை பூசணிக்காயை உருட்டுன மாதிரி கீது!”

ஷீலாவின் முகம் கொஞ்சம் மாறியது. இரண்டாவது தரம் ஓடி வந்து ஓங்கி அடித்தாள். பந்து தெய்வாவின் தலைக்கு மேலே, அன்றைக்குப் போன மாதிரியே, மேலே மேலே போய்க் கடலில் விழுந்தது.

ஷீலா அப்படியே நின்றுவிட்டாள். தெய்வா கடலைக் கை காட்டினாள்.

“போக்கா. போய் எடுத்துகினு வா.”

ஒரு நிமிஷம் ஷீலா அசையவில்லை. பிறகு மெதுவாக நடந்தாள். பிறகு ஓடினாள். அலை இடுப்பில் அடித்தது. அடுத்த அலை தலையில் அடித்தது. பந்தைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் அது நழுவி நழுவிப் போயிற்று. கடைசியில் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் இப்போது அவள் கண்ணைப் பார்த்ததும் தெய்வாவுக்கு அடையாளம் தெரிந்தது. இதுதான் அவளுடைய ஷீலா அக்கா.

இந்தத் தரம் விட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று தெய்வா முடிவு செய்தாள். பந்து வந்ததும் வேறு பக்கம் விழுந்துவிட வேண்டும். பந்து உள்ளே போகும், அக்கா சிரிப்பாள், எல்லாம் சரியாகிவிடும்.

ஷீலா பந்தை வைத்தாள். நான்கு எட்டுப் பின்னால் போனாள். ஓடி வந்து அடித்தாள். அந்தக் காலத்தில் அடித்த அதே அடி!

தெய்வா யோசித்து வைத்திருந்தது எல்லாம் அவள் தலையில்தான் இருந்தது. அவள் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போல. உடம்பு தானாக இடது பக்கம் பாய்ந்தது. உள்ளங்கையில் சுள்ளென்று எரிந்தது. அவள் மணலில் விழுந்தாள். பந்து அவள் கையில் இருந்தது.

பந்தைப் பிடித்துவிட்டோம் என்று புரிந்ததும் தெய்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா! ஐயோ, சாரிக்கா! நான் வேணும்னு புடிக்கல!”

ஷீலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வேணும்னு புடிக்கலியாம்! ஏய், ஸ்டேட் டீம்ல எத்தினி கீப்பரைப் பார்த்திருக்கேன். உனக்கு எப்டிடி தெரிஞ்சுது நான் அந்தப் பக்கம்தான் அடிப்பேன்னு?”

“உன் கால் பெருவிரல்க்கா.”

“பெருவிரலா?”

“நீ எனக்கு இடது பக்கமா அடிக்கிறதுன்னா, ஓடி வர்றதுக்கு முன்னாடி வலது கால் பெருவிரல் மேல தூக்கும். வலது பக்கம்னா தூக்காது. எப்பவுமே அப்டித்தான். ஷூ போட்டா யாருக்கும் தெரியாது. மணல்ல உனக்கு எதிர்ல நின்னாத்தான் தெரியும்.”

ஷீலா குனிந்து தன் கால் பெருவிரலை, முதல் தரம் பார்ப்பது போலப் பார்த்தாள். அதைத் தூக்கினாள், இறக்கினாள்.

“இத்தினி வருஷமா என் கூடவே கீது. எனக்கே தெரியல” என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். “நான் எப்டி வுட்டேன்னுதான் எல்லாரும் பார்த்தாங்க. நான் எப்டி அடிப்பேன்னு நீ பார்த்து வெச்சிருக்கே.”

தெய்வா எழுந்து மணலைத் தட்டிவிட்டாள். பந்தை நீட்டினாள்.

ஷீலா எழுந்தாள். அடுத்ததைப் பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு அடித்தாள். தெய்வா வலது பக்கம் பாய்ந்தாள். பந்து இடது பக்கம் போயிற்று. கோல்! பிள்ளைகள் எங்கிருந்தோ வந்து குவிந்துவிட்டார்கள். கிரிக்கெட் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அப்போது பெயின்ட் டப்பாவோடு துரை வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஜம்புலிங்கமும் வந்தார்.

“படகைத் தேய்க்கச் சொன்னா பந்து வெளையாடிகினு கீறியா?” என்று ஆரம்பித்த துரை, ஷீலாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பாதி அழிந்த பெயரைப் பார்த்தார். கையில் இருந்த டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

“துரை அண்ணாத்த, ஒரு கிக் அடிக்கிறியா?” என்றாள் ஷீலா.

“எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?”

“மாமாவுக்குப் பயம்!” என்றாள் தெய்வா.

அவ்வளவுதான். துரை டப்பாவைக் கீழே வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். பந்தை முறைத்துப் பார்த்துவிட்டு ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து கோலுக்கு ரொம்ப தூரம் தள்ளி, நேராகக் கடலுக்குப் போயிற்று.

“கடலுக்கு அடிச்சவங்கதான் எடுக்கணும்!” என்று பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள்.

துரை முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். தினமும் கடலுக்குப் போகிற மனுஷர்தான். ஆனால் படகு இல்லாமல் பந்தைத் துரத்திக்கொண்டு போகிறவரை அலை மதிக்கவில்லை. ஒரே அடியில் அவரைக் குப்புறத் தள்ளியது. சொட்டச் சொட்ட வந்தவர், சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கையால் விலக்கினார்.

“தள்ளுங்கடா. எனக்கு இன்னொரு தபா கீது.”

இரண்டாவது பந்து அவருடைய படகிலேயே போய் மோதி நின்றது. ஜம்புலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரையும் சிரித்துவிட்டார்.

லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்த மாமாவிடம் தெய்வா போய் நின்றாள்.

“மாமா, உனக்கு இன்னொரு தபா குடுத்தாங்கல்ல?”

“ஆமா. அதுக்கின்னா?”

“அந்தப் பேருக்கும் இன்னொரு தபா குடேன்.”

துரையின் கை நின்றது. ஷீலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துரை ஷீலாவின் நனைந்த தலையைப் பார்த்தார். தன் நனைந்த லுங்கியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அடுத்த திருவிழா வரைக்கும்தான். அப்பால பார்ப்போம்” என்றார். பிறகு ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பி, “மாமா, எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே எழுதிடலாம். மீனுங்களுக்கும் தெரியணும்ல?” என்றார்.

தெய்வா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளும் நனைந்தாள்.

ஷீலா படகின் பக்கத்தில் போய் நின்று, அழிந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “கோச்சுக்கு இன்னிக்கே போன் பண்ணணும்” என்றாள். “பதிமூணு வயசுப் பொண்ணு என் பந்தைப் புடிச்சுட்டா. இதை இப்டியே வுட்டுட்டுப் போய் செல்போன் விக்கச் சொல்றியா?”

அன்று இருட்டும் வரை ஆடினார்கள். துரை இன்னும் பல தடவை நனைந்தார்.

படகில் பெயின்ட் காய்ந்ததும் ஷீலா கிளம்பினாள். புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்குத் தெய்வாவும் கூடப் போனாள். செங்கல்பட்டு பஸ் வந்தது. ஷீலா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

“தெய்வா! அடுத்த தபா ஷூ போட்டுகினு அடிப்பேன்! அப்போ இன்னா பண்ணுவே?”

தெய்வாவுக்குப் பதில் தெரியவில்லை. பஸ் திரும்பி மறையும் வரை கையை ஆட்டினாள். குப்பத்துக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த அரசுவை எழுப்பினாள். அவன் கண்ணைத் திறப்பதற்குள் அவன் காலில் ஷூவை மாட்டி, கரைக்கு இழுத்துக்கொண்டு போய், பந்தை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கோலில் போய் நின்றாள்.